பேட்டரியை மாற்றுங்கள், பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டாம்

கேள்வி: டீச்சர், நான் கல்லிடைக்குறிச்சியில் வீட்டிலிருந்தே அப்பளம் போட்டுக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. சயின்ஸ் சார் கொடுத்த, புரோகிராம் ஏற்றி ஓட்டுகிற ஆர்டுயினோ போர்டையும் சிவப்புக் கலரில் ஒரு மோட்டார் போர்டையும் வைத்து, உடைந்த பொம்மைக் காரில் ஒரு வண்டி செய்திருக்கிறாள். இரண்டு அடி ஓடும், நிற்கும், போர்டில் லைட் அணைந்து எரியும், மறுபடி இரண்டு அடி ஓடும். ரோபோ போட்டிக்குப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் கேட்டோம். கிட், பயிற்சி, நுழைவுக் கட்டணம் சேர்த்து 22,000 ரூபாய், மெடல் உறுதி என்கிறார்கள். கம்மலை அடகு வைத்துக் கட்டிவிடலாமா என்று பார்க்கிறேன். ரோபோ லேப் இருக்கிற தனியார் பள்ளிக்கு மாற்றிவிடுங்கள் என்றும் ஒருத்தர் சொன்னார். கொழுந்தனாரோ, "அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தச் சோலி" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: கம்மல் காதிலேயே இருக்கட்டும் அம்மா. பள்ளிக்கூடமும் மாற வேண்டாம். கொழுந்தனார் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் வண்டியைப் பார்ப்போம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது "லைட் அணைந்து எரியும்" என்ற வரிதான். வண்டி ஓடவில்லை என்று எழுதாமல், எப்படி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மகள்தான் கவனித்துச் சொல்லியிருப்பாள். இருபது வருஷமாகப் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறேன். "மேடம், ஓடல" என்பதோடு நிறுத்திக்கொள்கிற பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம்.

அவள் போட்டிருப்பது சதுரமான 9 வோல்ட் பேட்டரியாகத்தான் இருக்கும். பந்தயமே கட்டுவேன். கடையில் சுலபமாகக் கிடைக்கிறது, பார்க்கக் கச்சிதமாக இருக்கிறது, ஒன்பது என்பது ஒன்றரையைவிடப் பெரிசு என்று தோன்றுகிறது. எல்லோரும் முதலில் அதில்தான் விழுவார்கள். அந்த பேட்டரி மல்டிமீட்டர், மைக் மாதிரி சொட்டுச் சொட்டாகக் குடிக்கிற சாமான்களுக்கானது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஒல்லிக் குழாய் ஒன்று இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி உயரத்தில்தான் இருக்கிறது, ஆனால் அண்டா நிறைய ஒரு மணி நேரம் ஆகும். மோட்டார் கிளம்புகிற அந்த நொடியில் ஒரே மடக்கில் அண்டா கேட்கிறது. பேட்டரியால் கொடுக்க முடியாது, வோல்ட் சடாரென்று இறங்குகிறது. ஆர்டுயினோவுக்குப் போதிய வோல்ட் கிடைக்காமல் அது மயங்கி விழுகிறது. மோட்டார் நின்றதும் பேட்டரி மூச்சு வாங்கி எழுந்துகொள்ள, போர்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. அதுதான் உங்கள் இரண்டு அடி ஓட்டம்.

வழி இதுதான். 18650 என்ற எண்ணுள்ள லித்தியம் செல் இரண்டு, அதற்கான ஹோல்டர் ஒன்று, சரியான சார்ஜர் ஒன்று வாங்குங்கள். ஒரு செல் 3.7 வோல்ட்; வரிசையில் போட்டால் 7.4. அந்தச் சிவப்பு மோட்டார் போர்டு எல்298என் ஆக இருந்தால், அதுவே 2 வோல்ட் போலத் தின்றுவிடும். மீதி சுமார் 5 வோல்ட் மோட்டாருக்குப் போகும். பொம்மைக் கார் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் நிறத்தில் பல்சக்கரத்தோடு வருகிற பிஓ மோட்டார் இரண்டு போட்டுக்கொள்ளட்டும். அதற்கு அந்த வோல்ட் கச்சிதம். ஆர்டுயினோவின் கிரவுண்டும் (மைனஸ் பக்கம்) மோட்டார் போர்டின் கிரவுண்டும் ஒரு வயரால் இணைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதி வண்டிகள் அந்த ஒரு வயர் இல்லாமல்தான் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடும்.

ஒரு எச்சரிக்கை. லித்தியம் செல் விளையாட்டுச் சாமான் இல்லை. சில்லறைக் காசும் சாவியும் கிடக்கிற பையில் செல்லைத் தனியாகப் போடக் கூடாது. இரண்டு முனையும் உரசினால் தீப்பிடிக்கும். சார்ஜில் போட்டுவிட்டு எல்லோரும் தூங்கப் போவதும் கூடாது.

எல்லாம் எவ்வளவு ஆகும்? சார் கொடுத்த போர்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன. மோட்டார், சக்கரம், செல், சார்ஜர், தரையில் போட்ட கருப்புக் கோட்டைப் பார்த்து வண்டி ஓடுவதற்குச் சென்சார் இரண்டு, ஒரு மலிவான மல்டிமீட்டர், எல்லாம் ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். திருநெல்வேலியில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்காதது ஆன்லைனில் கிடைக்கும். 22,000 எதற்கு என்று இப்போது நீங்களே அந்த மையத்தைக் கேட்கலாம்.

நான் அந்த மையத்தைக் குறை சொல்ல வரவில்லை. நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறவர்களும் உண்டு. ஆனால் "மெடல் உறுதி" என்று யாராவது சொன்னால் நான் எழுந்து வந்துவிடுவேன். போட்டிக்கு முன்னாலேயே மெடல் உறுதியென்றால், அது போட்டி இல்லை, கடை. துபாய், சிங்கப்பூர் என்று ஊர் பெயர் போட்டு, போகிற எல்லோருக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்புகிற வியாபாரமும் நடக்கிறது. அதனால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "வண்டியை யார் செய்வார்கள்? என் மகளா, உங்கள் சாரா?"

ஏன் இதைக் கேட்கச் சொல்கிறேன் என்றால், பள்ளிப் பிள்ளைகளின் போட்டிக்கு நடுவராகப் போன ஒரு தடவை நடந்ததைச் சொல்ல வேண்டும். பளபளவென்று ஒரு ரோபோ, நான்கு பையன்கள், ஒரே மாதிரி டீ-ஷர்ட். மனப்பாடமாக ஒப்பித்தார்கள். நான் சென்சாரிலிருந்து ஒரு வயரை மட்டும் பிடுங்கிவிட்டு, "இப்ப என்ன ஆகும், தம்பி?" என்றேன். நான்கு பேரும் திரும்பி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற சாரைப் பார்த்தார்கள். அதே நாள் மதியம், நாங்குநேரிப் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு பெண், ஐஸ்கிரீம் டப்பாவில் செய்த வண்டியோடு வந்தாள். பாதி வழியில் நின்றுவிட்டது. அப்படியே தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, டப்பா மூடியைத் திறந்து, ஒரு வயரை நகத்தால் அழுத்தி, "கிரவுண்டு விட்டுட்டு மேடம், ஒரு நிமிஷம்" என்றாள். வண்டி ஓடியது. நேரம் போய்விட்டதால் அவளுக்குப் பரிசு இல்லை. இன்னும் ஞாபகத்தில் இருப்பது அவள் மட்டும்தான்.

பெரிய போட்டிகளே இதைத்தான் பார்க்கின்றன. லெகோ கட்டைகளில் செய்த ரோபோக்களுக்கு ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்று ஒரு போட்டி 1998-இல் தொடங்கியது. மேஜையில் ரோபோ ஓடுவது இரண்டரை நிமிஷம்தான்; அது போக, நடுவர்கள் பிள்ளைகளை உட்காரவைத்து, எப்படி வடிவமைத்தீர்கள், யார் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். பெரியவர் வழிகாட்டலாம், வேலை பிள்ளைகளுடையதாக இருக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட கொள்கை. உலக ரோபோ ஒலிம்பியாட் 2004-இல் சிங்கப்பூரில் ஆரம்பித்து, 2016-இல் டெல்லிக்கே வந்தது. அதில் போட்டி நாள் காலையில் திடீரென்று ஒரு புது விதியை அறிவிக்கும் வழக்கம் உண்டு. வீட்டில் சார் எழுதிக் கொடுத்த புரோகிராமோடு வந்த பிள்ளை அங்கே திணறிப்போகும். இந்த இரண்டுக்கும் கிட், பயணம் என்று செலவு பெரிசு. பள்ளியோ வேறு யாரோ கைகொடுத்தால் பார்க்கலாம். உங்கள் மகள் இங்கேதான் தொடங்க வேண்டும் என்று ஒன்றுமில்லை.

அவள் தொடங்க வேண்டிய இடம் காசு கேட்காத இடம். ஹெட்மாஸ்டரிடம் "இன்ஸ்பயர் மானக்" என்று சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் திட்டம். ஒவ்வொரு பள்ளியும் பிள்ளைகளின் சொந்த யோசனைகளை ஆன்லைனில் அனுப்பலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். மாவட்டக் கண்காட்சி, அப்புறம் மாநிலம், அப்புறம் தேசியம். இங்கே கோட்டில் ஓடுகிற வண்டியை அனுப்பினால் எடுபடாது, ஆயிரம் பேர் அனுப்பியிருப்பார்கள். உங்கள் வீட்டுப் பிரச்சினையை அனுப்ப வேண்டும். மொட்டை மாடியில் அப்பளம் காய்கிறது, நீங்கள் அடுப்படியில் இருக்கிறீர்கள், பொதிகை மலைப் பக்கமிருந்து சாரல் வருகிறது. முதல் துளி விழுந்ததும் ஒரு சென்சார் உணர்ந்து, மோட்டார் ஒன்று தார்ப்பாயை இழுத்து மூடினால்? நான் சும்மா ஒரு உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன். அவள் இதைவிட நல்லதாக யோசிப்பாள். ஈர மாவு, காய்ந்த மாவு, பிசுபிசுப்பு எல்லாம் உங்கள் கைக்குத் தெரியும். அவள் உங்களைப் பேட்டி எடுக்கட்டும்.

அக்கம்பக்கத்துப் பள்ளி எதிலாவது அடல் டிங்கரிங் லேப், அதாவது பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கிற கூடம், இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். நிதி ஆயோக்கின் திட்டம். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கு 20 லட்சம் வரை மானியம் தந்து அமைத்தவை. சயின்ஸ் சார் ஒரு கடிதம் எழுதிக் கேட்டால், சனிக்கிழமை ஒரு மேஜை கொடுக்க மாட்டோம் என்று எத்தனை பேர் சொல்வார்கள்? கேட்டுத்தான் பாருங்கள். விடுமுறையில் ஒரு நாள் செங்கோட்டை ரயிலைப் பிடித்து ஜங்ஷனில் இறங்கி, கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்கும் ஒரு நடை கூட்டிப் போங்கள். 1987-இலிருந்து இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக அங்கே ஒரு கைப்பிடியைச் சுற்றி பல்பை எரியவைத்ததுதான், இன்று இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணம்.

வண்டி கைக்கு வராத நாளில் கம்ப்யூட்டரிலேயே பழகலாம். டிங்கர்கேட் என்று ஒரு இலவச இணையதளம் இருக்கிறது. அதில் ஆர்டுயினோ, மோட்டார், வயர் எல்லாம் திரையில் போட்டு, புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்க்கலாம், எதுவும் எரிந்துபோகாது. பள்ளி ஹைடெக் லேபில் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும்.

இனி தனியார் பள்ளி விஷயம். இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது, பொறியியலுக்கு 2021-இல் வந்தது. அதில் பொறியியல் சேருகிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. மேல்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டமும் இந்த அரசுப் பள்ளிப் படிப்பை வைத்துத்தான். ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் பள்ளியை மாற்றினால் இந்த 7.5 கையைவிட்டுப் போகும். ஒரு லேபுக்காக இதைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். அப்புறம் வந்து அழுதார்கள்.

மெடலைப் பற்றியும் இதோடு சொல்லிவிடுகிறேன். நம் மாநிலப் பொறியியல் கலந்தாய்வு பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை வைத்து 200-க்குப் போடுகிற கட்-ஆஃப். ரோபோ மெடலுக்கு அதில் அரை மார்க்கும் கிடையாது. எனவே மெடலுக்காக அனுப்பாதீர்கள்.

அப்படியென்றால் எதற்காக அனுப்ப வேண்டும் என்பீர்கள். என் கதையைச் சொல்கிறேன். டிப்ளமோ இரண்டாம் வருஷம், நான்கு பேர் சேர்ந்து கோட்டைத் தொடர்ந்து ஓடும் ரோபோ ஒன்று செய்தோம். ராத்திரி ஹாஸ்டலில் டியூப் லைட் வெளிச்சத்தில் அச்சுப் பிசகாமல் ஓடும். போட்டி வேறு ஊரில் ஒரு கல்லூரியில். காலை பத்து மணி, கிழக்கே பார்த்த பெரிய ஜன்னல்கள், தரை முழுக்க வெயில் பாய். வண்டியை வைத்தோம். நேரே போய்ச் சுவரில் முட்டியது. திருப்பி வைத்தோம், மறுபடி சுவர்.

அந்தச் சென்சார் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அடித்து, திரும்பி வருவதைப் பார்க்கும். வெள்ளைத் தரை திருப்பி அனுப்பும், கருப்புக் கோடு விழுங்கும். டியூப் லைட்டில் அகச்சிவப்பு கொஞ்சம்தான். வெயிலில் கொட்டிக் கிடக்கிறது. எங்கள் சென்சாருக்குக் கோடும் தரையும் எல்லாம் ஒரே வெள்ளை. நீங்கள் வெயிலை நம்பித் தொழில் செய்கிறவர்கள்; எங்கள் வண்டிக்கு அதே வெயில்தான் சத்துரு. அடுத்த மேஜையில் இருந்த ஒரு பையன், எங்களுக்கு எதிராக ஓடப் போகிறவன், வந்து பார்த்துவிட்டு, "பாவாடை கட்டுங்க" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் சொன்னது சென்சாருக்கு. கருப்புச் சார்ட்டை வெட்டி, சென்சாரைச் சுற்றித் தரை வரை தொங்கவிட்டோம். அப்புறம் தரைமேல் சென்சார் எந்த எண் காட்டுகிறது, கோட்டின்மேல் எந்த எண் காட்டுகிறது என்று அங்கேயே அளந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைப் புரோகிராமில் போட்டோம். வண்டி கோட்டைப் பிடித்தது. முதல் சுற்றிலேயே தோற்றோம், அது வேறு. ஆனால் இரண்டு செமஸ்டர் படித்தும் மண்டையில் ஏறாதது அந்த இருபது நிமிஷத்தில் ஏறியது.

மகேந்திரகிரியில் இஸ்ரோக்காரர்கள் ராக்கெட் எஞ்சினைத் தரையில் கட்டிப்போட்டு ஓட்டிப் பார்ப்பதும் இதற்காகத்தானே. எங்கே தப்பு வரும் என்பதை முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். எனவே உங்கள் மகளும் வண்டியை அடுப்படியில், திண்ணையில், மொட்டை மாடி உச்சி வெயிலில் என்று எல்லா இடத்திலும் ஓட்டிப் பார்க்கட்டும். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் பழைய கல்யாண பிளெக்ஸ் ஒன்றை விரித்து, கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினால் டிராக் ரெடி. வேகத்தை முதலில் பாதியாகக் குறைக்கட்டும். மெதுவாகப் போய் முடிக்கிற வண்டி, பறந்துபோய்க் கோட்டை விடுகிற வண்டியை ஜெயிக்கும். போட்டி விதிகளை அவளே வரி வரியாகப் படிக்க வேண்டும். ஆங்கிலத்தில்தான் இருக்கும், சாரோடு உட்கார்ந்து படிக்கட்டும். 25 சென்டிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்ற விதியைப் பார்க்காமல் வந்து, போட்டி நாளில் ஹேக்ஸா பிளேடை வைத்து பம்பரை அறுத்தவர்களை நடுவராகப் பார்த்திருக்கிறேன். இணையத்தில் புரோகிராம் எடுப்பது தப்பில்லை. ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று உங்களுக்குப் புரிகிற தமிழில் உங்களிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்குப் புரியவில்லையென்றால் அவளுக்கும் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

தனியாகப் போக முடியாது, பல போட்டிகளில் டீம்தான். வகுப்பில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளட்டும். பையன்கள் இருந்தால் ஒன்று கவனிக்கச் சொல்லுங்கள். எங்கள் டீமில் நான் ஒருத்திதான் பெண். சால்டரிங் அயர்ன் கடைசி வரை என் கைக்கு வரவே இல்லை. "நீ நல்லா பேசுவ, பிரசன்டேஷன் பண்ணு" என்று சொல்லிச் சொல்லியே ஒதுக்கிவிட்டார்கள். வேலைக்கு வந்த பிறகுதான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பற்றவைக்கப் பழகினேன். உங்கள் மகள் முதல் நாளே அயர்னைக் கையில் எடுக்கட்டும். இரண்டு தடவை விரலைச் சுட்டுக்கொள்வாள், பரவாயில்லை.

இப்போது கொழுந்தனார். அவர் சொல்வதில் பாதி சரி. பத்தாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வண்டியைப் பரணில் ஏற்றிவிட வேண்டும். பொதுத்தேர்வு முடிந்த மறுநாள் இறக்கிக்கொள்ளலாம். அதை அவர் முன்னாலேயே மகளிடம் பேசி முடிவு செய்யுங்கள். அதுவரை, தினம் ஒரு மணி நேரம், சனிக்கிழமை கொஞ்சம் கூட. மீதிப் பாதிக்கு என்னிடம் வாதம் எதுவும் இல்லை. டிராக்குக்கு டேப் ஒட்டுகிற வேலையை அவரிடம் கொடுங்கள். வளைவில் சுருக்கம் விழாமல் டேப் ஒட்டுவது பெரிய வித்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒட்டியவர், தான் ஒட்டிய வளைவில் வண்டி திரும்புகிறதா என்று பார்க்காமல் எழுந்து போக மாட்டார்.

கல்லூரிக்குப் போன பிறகு பெரிய மைதானமே காத்திருக்கிறது. பம்பாய் ஐஐடி நடத்தும் இ-யந்திரா போட்டி 2012-லிருந்து நடக்கிறது. ஆசிய பசிபிக் நாடுகளின் ரோபோகான் 2002-இல் டோக்கியோவில் தொடங்கி, 2008-லும் 2014-லும் புனேயில் நடந்தது; இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் போட்டியைத் தூர்தர்ஷன் நடத்துகிறது. அதெல்லாம் இன்னும் நான்கு வருஷம் கழித்து.

இந்த வாரம் பேட்டரியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றியும் வண்டி நின்றால், போனில் படம் எடுத்து அனுப்பட்டும். வண்டி அழகாகத் தெரிகிற படம் வேண்டாம். மேல்மூடியைக் கழற்றிவிட்டு, எந்த வயர் எங்கே போகிறது என்று தெரிகிற மாதிரி, பகல் வெளிச்சத்தில்.